வீடியோ டோர்பெல்: அந்தக் கண் எப்போதும் விழித்திருக்கிறதா?

பார்சல் கொண்டுவருபவர் வாசலுக்கு வருகிறார், பெட்டியை வைக்கிறார், திரும்பி நடக்கிறார். போனில் அறிவிப்பு வருகிறது. திறந்து பார்த்தால் அவருடைய முதுகு மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. காலிங் பெல் பொத்தானோடு கேமராவும் சேர்ந்த வீடியோ டோர்பெல்லை மாட்டியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. கேமரா தரமில்லை, இன்டர்நெட் மெதுவு என்று காரணம் தேடி, அதிக பிக்சல் உள்ள மாடலுக்கு மாறுகிறவர்களும் உண்டு. அப்படியும் குறை தீருவதில்லை.

பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து, எவ்வளவு வருகிறது என்பதுதான் அது எதைப் பார்க்கும், எதைத் தவறவிடும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாங்கும்போது படத்தின் தரத்தை ஒப்பிடுகிற அளவுக்கு இதை யாரும் ஒப்பிடுவதில்லை. ஒப்பிட வேண்டும். அதற்குப் பழைய காலிங் பெல்லில் இருந்து தொடங்குவதுதான் சரி.

ஒரு நொடிக்கு மட்டும் மின்சாரம் கேட்ட கருவி

1831-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜோசப் ஹென்றி, ஒரு மைல் நீள ஒயரின் மறுமுனையில் இருந்த மணியை மின்காந்தத்தால் அடிக்க வைத்துக் காட்டினார். ஒயர் இழுத்த காலிங் பெல் பலவற்றில் இன்றைக்கும் அதே தத்துவம்தான். ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டுக்கு இறக்குகிறது. அங்கிருந்து ஒயர் பொத்தானுக்குப் போய், மணிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வழியாகத் திரும்பி வருகிறது. பொத்தானை அழுத்தினால் சுற்று முழுமையாகும். சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு தகட்டில் மோதும். கையை எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும்.

அந்தச் சுற்றுக்கு மின்சாரம் தேவைப்படுவது ஒரு நாளில் சில நொடிகள்தான். டிரான்ஸ்பார்மர், ஒயரின் தடிமன் எல்லாமே அந்தச் சில நொடிகளுக்காகக் கணக்கிடப்பட்டவை. வீடியோ டோர்பெல்லோ நாள் முழுக்க மின்சாரம் கேட்கும் கருவி. பழைய பொத்தான் இருந்த இடத்தில் அதை வைக்கும்போது வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்து பிறக்கின்றன.

ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது

ஸ்மார்ட்போன்களுக்காகக் கோடிக்கணக்கில் தயாரானதால் கேமரா சென்சாரும் வைஃபை சிப்பும் மலிவாகிவிட்டன. எல்லார் கையிலும் ஏற்கெனவே ஒரு திரை இருந்தது. ஆன்லைனில் வாங்கும் பொருட்கள் வாசலில் வந்து இறங்கத் தொடங்கின. 2013-இல் ஜேமி சிமினாஃப் டோர்பாட் என்ற பெயரில் தன் கருவியை அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் காட்டினார். முதலீடு கிடைக்காமல் திரும்பினார். அடுத்த ஆண்டு அது ரிங் என்று பெயர் மாறியது. 2018-இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு கூகுளும் நெஸ்ட் பெயரில் ஒரு டோர்பெல்லைக் கொண்டுவந்தது.

பரவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பேட்டரி மாடல்கள். சுவரைத் துளைத்து ஒயர் இழுக்காமல் வாடகை வீட்டில்கூட மாட்டலாம் என்ற நிலை வந்தபிறகுதான் இது எல்லாருக்குமான பொருளானது. அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உள்ளே எது எவ்வளவு தின்கிறது

ஒரு வீடியோ டோர்பெல்லுக்குள் கேமரா சென்சார், படத்தைச் சுருக்கும் பிராசசர், வைஃபை ரேடியோ, மைக், ஸ்பீக்கர், இரவில் பார்க்க உதவும் அகச்சிவப்பு எல்இடிகள் இருக்கின்றன. எல்இடி தவிர மற்றவை ஒருசேர ஓடும்போது சுமார் 2 வாட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் எல்இடி எரியும்போது இன்னும் கூடும்.

டோர்பெல் பேட்டரிகளில் 6,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது பழக்கமான கொள்ளளவு. பேட்டரியின் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 21.6 வாட்-மணி, அதாவது 1 வாட் வீதம் 21.6 மணி நேரம் ஓடும் அளவு. 2 வாட் வீதம் ஓயாமல் செலவழித்தால் இது 11 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். காலையில் சார்ஜ் போட்டு மாட்டினால் இரவைத் தாண்டாது.

ஆனால் பெட்டியின்மேல் ஆறு மாதம் வரும் என்று போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் என்றால் ஏறத்தாழ 4,380 மணி நேரம். அதே பேட்டரி அத்தனை நாள் வர வேண்டுமானால் கருவியின் சராசரிச் செலவு சுமார் 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது ஓடும்போது ஆகும் செலவில் நானூறில் ஒரு பங்கு. இதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: கிட்டத்தட்ட எப்போதும் தூங்க வேண்டும்.

தூங்கும் டோர்பெல்

பேட்டரியில் ஓடும் டோர்பெல்லின் கேமரா சாதாரண நேரத்தில் அணைந்தே இருக்கிறது. விழித்திருப்பது பிஐஆர் எனப்படும் ஒரு சிறிய சென்சார் மட்டும். அது படம் பார்ப்பதில்லை. முன்னால் இருக்கும் பரப்பில் வெப்பம் இடம் மாறுகிறதா என்று மட்டும் கவனிக்கிறது. அதற்கு மைக்ரோ ஆம்பியர் அளவு மின்சாரம் போதும்.

ஒருவர் வந்தால் நடப்பது இது: சென்சார் வெப்ப மாற்றத்தை உணர்ந்து பிராசசரை எழுப்புகிறது, பிராசசர் கேமராவைத் திறக்கிறது, கேமரா வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அப்புறம்தான் பதிவு தொடங்குகிறது. ஒன்றிரண்டு நொடிகள் போய்விடும். வேகமாக வந்து பெட்டியை வைத்துத் திரும்புகிறவருக்கு அந்த நொடிகளே போதும். முதலில் சொன்ன முதுகுப் படத்தின் காரணம் இதுதான்.

பிஐஆர் சென்சாருக்கே உரிய இரண்டு பலவீனங்களும் இதோடு சேர்கின்றன. அது பார்வைக்குக் குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். நீளமான, நேரான நடைபாதையின் முடிவில் மாட்டிய டோர்பெல் எப்போதும் பிந்தியே விழிப்பது இதனால்தான். இரண்டாவது, உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை நம்பி அது வேலை செய்கிறது. வெயிலில் சுவரும் தரையும் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் மனித உடல் அந்தப் பின்னணியில் கரைந்துபோகிறது.

இதைச் சமாளிக்கச் சில மாடல்களில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் இரண்டாவது ஏற்பாடு ஒன்று வைக்கிறார்கள். அது தரம் குறைந்த படத்தை ஓயாமல் எடுத்து, சில நொடிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். யாராவது வந்தால் அந்த நொடிகளைப் பதிவின் முன்னால் ஒட்டிவிடும். ரிங் 2020-இல் இருந்து சில பேட்டரி மாடல்களில் இப்படி நான்கு நொடி முன்பதிவைத் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நான்கு நொடிக்கும் பேட்டரிதான் பணம் கட்டுகிறது.

ஆறு மாதம் எப்படி ஆறு வாரமாகிறது

நிறுவனங்கள் சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ஒரு நாளைக்குச் சில நிகழ்வுகள் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம் வாசல் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

1. நிகழ்வுகளின் எண்ணிக்கை. 30 நொடிப் பதிவு ஒன்றுக்கு 2 வாட் வீதம் சுமார் 0.017 வாட்-மணி ஆகிறது. நாளைக்கு 5 பதிவு என்றால், தூங்கும் நேரச் செலவைச் சேர்க்காமல், 21.6 வாட்-மணி பேட்டரி சுமார் 260 நாள் வரும். 20 பதிவு என்றால் 65 நாள். தெருவைப் பார்த்த வாசலில் போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் கேமரா விழித்தால் நாளைக்கு 60, 70 என்று ஏறி, மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். உணரும் எல்லையை ஆப்பில் சுருக்கி, தெருவை அதற்கு வெளியே தள்ளுவதுதான் பேட்டரிக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

2. நேரலை பார்ப்பது. தோன்றும்போதெல்லாம் போனில் வாசலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்: பத்து நிமிட நேரலை, 30 நொடிப் பதிவுகள் இருபதுக்குச் சமம்.

3. வைஃபை. ரௌட்டர் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ பத்து முறை ஒரு சிறிய அறிவிப்பு அலையை அனுப்புகிறது. டோர்பெல் அவ்வப்போது விழித்து அதைக் கேட்டால்தான் இணைப்பில் இருக்க முடியும். சுவர்கள் தடுத்துச் சிக்னல் மெலிந்துவிட்டால் வீடியோ மெதுவாகப் போகும், தொலைந்த துண்டுகளைத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும், ரேடியோ கூடுதல் நேரம் எரியும். இரண்டு வீடுகளில் ஒரே மாடல் வேறுவேறு நாள் ஓடுவதற்கு இது பெரிய காரணம். பேட்டரியைக் குறை சொல்லும் முன் ரௌட்டரைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம்.

4. குளிரும் வெயிலும். லித்தியம் அயான் பேட்டரிக்குக் குளிரில் உள்மின்தடை கூடுகிறது. 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த கருவி திடீரென்று அணையும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும் என்பதால், கருவியே சார்ஜை நிறுத்திவிடும். கடும் வெயில் உடனே அணைக்காது, ஆனால் பேட்டரியின் ஆயுளைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

ஒயரில் ஓடும் டோர்பெல்: அழுத்தும் அந்த ஒரு கணம்

ஒயரில் இருந்து மின்சாரம் எடுக்கும் மாடல் தூங்க வேண்டியதில்லை. கேமரா எப்போதும் திறந்திருக்கிறது. படத்தையே பார்த்து, வருவது மனிதரா பூனையா என்று பிரிக்கிறது. ஆள் பொத்தானை நெருங்கும் முன்பிருந்தே பதிவு கையில் இருக்கிறது. வாசலில் நல்ல ஒயர் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் கருத்து.

ஆனால் பொத்தானுக்கு வருவது இரண்டே ஒயர். பழைய பொத்தான் அழுத்தாத நேரத்தில் சுற்றைத் திறந்து வைத்திருந்தது. அந்த இடத்தில் கேமரா உட்கார்ந்தால், அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை மணியின் கம்பிச்சுருள் வழியாகவே இழுத்தாக வேண்டும். மணி அடிக்காத அளவுக்குக் கொஞ்சமாக, ஆனால் கேமரா ஓடும் அளவுக்குப் போதுமானதாக. இந்தச் சமன்பாடு தவறினால் மணி மெல்ல ரீங்கரிக்கும், அல்லது யாரும் இல்லாத நேரத்தில் தானாக அடிக்கும். இதற்காகத்தான் பல மாடல்களோடு மணிப்பெட்டிக்குள் மாட்ட ஒரு சிறிய இணைப்புப் பெட்டி கொடுக்கிறார்கள். கேமராவுக்கான மின்சாரம் சுருளைச் சுற்றிக்கொண்டு போக அது வழிவிடுகிறது. அது எதற்கு என்று ஒதுக்கிவிட்டுப் பிறகு திண்டாடுபவர்கள் அதிகம்.

வந்தவர் பொத்தானை அழுத்தும் கணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மணி அடிக்க வேண்டுமானால் சுருளுக்கு முழு மின்சாரமும் போக வேண்டும். அதற்காக டோர்பெல் தன்னுடைய இரண்டு முனைகளையும் உள்ளே ஒன்றாக இணைத்துவிடுகிறது. அந்த நொடியில் கேமராவுக்கு வெளியில் இருந்து வரும் மின்சாரம் ஏறத்தாழ பூஜ்யம். ஆனால் அந்த நொடியில்தான் எதிரே ஆள் நிற்கிறார். கேமரா அணையவே கூடாது. ஆகவே உள்ளே ஒரு சின்ன பேட்டரியோ மின்தேக்கியோ வைத்து அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். முழுக்க ஒயரில் ஓடும் கருவிக்குள்ளும் பேட்டரி இருப்பது இதற்காகத்தான். அழுத்தும்போதெல்லாம் படம் உறைந்து இணைப்பு அறுந்தால், அந்தச் சிறு சேமிப்பு நிரம்பும் அளவுக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள்.

டிரான்ஸ்பார்மரில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

முதல் எண் வோல்ட். வட அமெரிக்க வீடுகளில் காலிங் பெல்லுக்கு 16 முதல் 24 வோல்ட் ஏசி (மாறுமின்னோட்டம்) வழக்கம். பிரிட்டனில் பழைய மணிகள் 8 வோல்ட்டில் ஓடின. ஒரு சந்தைக்குச் செய்த கருவி இன்னொரு சந்தையில் அரைகுறையாக ஓடுவது இதனால்தான்.

இரண்டாவது எண் விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் மொத்தமாக எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அது சொல்கிறது. 16 வோல்ட், 10 விஏ என்று போட்டிருந்தால் அதிகபட்சம் 0.625 ஆம்பியர். மணிக்கு அது போதும். மணியும் கேமராவும் சேர்ந்தால் மூச்சுத் திணறும். 30 விஏ இருந்தால் நிம்மதி.

குறைந்த வோல்ட்டில் ஒயரும் விளையாடும். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு ஒயர் 20 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் மின்தடை சுமார் 3.5 ஓம். அதில் 0.4 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். 24 வோல்ட்டில் இது தெரியாது. 8 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும்.

பகலெல்லாம் ஒழுங்காக ஓடி இரவில் மட்டும் ஆஃப்லைன் ஆகும் டோர்பெல் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கிச் செலவு கூடுகிறது. பகலில் சமாளித்த டிரான்ஸ்பார்மரால் அந்தக் கூடுதலைத் தர முடியவில்லை. வைஃபையில் தேடினால் விடை கிடைக்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள்:

1. பல நாடுகளில் காலிங் பெல் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேராக 230 வோல்ட் மெயினில் ஓடுகிறது. பொத்தானுக்கு வருவதும் அதே 230 வோல்ட். குறைந்த வோல்ட்டுக்குச் செய்த டோர்பெல்லை அந்த ஒயரில் மாட்டினால் கருவி எரியும், தொடுபவர் உயிருக்கும் ஆபத்து. ஒயரில் என்ன வருகிறது என்று அளந்து தெரியாமல் கை வைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி.

2. மணியை எடுத்துவிட்டு டோர்பெல்லை நேராக டிரான்ஸ்பார்மரில் கொடுப்பது எல்லா மாடலுக்கும் ஒத்துவராது. மணியின் சுருள் சுற்றில் ஒரு மின்தடையாகவும் இருந்தது. அது இல்லாமல் போனால், பொத்தானை அழுத்தும்போது முனைகள் இணைந்து நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். அந்த இடத்தில் தயாரிப்பாளர் சொல்லும் அளவு ரெசிஸ்டர், அதாவது மின்தடை தரும் சிறு பாகம், இருக்க வேண்டும்.

பேட்டரி மாடலை ஒயரில் இணைத்தால் விழித்துக்கொள்ளுமா?

அதிகம் ஏமாற்றம் தரும் இடம் இது. பேட்டரி டோர்பெல்லின் பின்னாலும் இரண்டு ஸ்குரூ முனைகள் இருக்கின்றன; ஒயரைக் கொடுத்துவிட்டால் அது எப்போதும் விழித்திருக்கும் கருவியாகிவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான மாடல்களில் அப்படி ஆகாது. கருவி தொடர்ந்து பேட்டரியில்தான் ஓடுகிறது. ஒயர் செய்வது அந்தப் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாக நிரப்புவது மட்டும். தூக்கமும் தாமதமும் அப்படியே இருக்கும். வரவைவிடச் செலவு கூடினால், ஒயர் இணைத்திருந்தும் சதவீதம் நாளுக்கு நாள் இறங்கும். கடும் குளிரில் சார்ஜ் நின்றுவிடுவதால் இது இன்னும் மோசமாகும்.

முகப்பில் மாட்டும் சோலார் பலகையும் இதே வகைதான். நேர் வெயில் விழும் இடத்தில் சார்ஜ் போடும் வேலையைத் தள்ளிப்போடும். நிழலில் அலங்காரமாகத்தான் இருக்கும்.

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம்

பிஓஇ என்ற முறையில் ஒரே ஈதர்நெட் கேபிள் தரவையும் மின்சாரத்தையும் கொண்டுவருகிறது. 2003-இல் வந்த ஐஇஇஇ 802.3ஏஎஃப் என்ற தொழில்நுட்பத் தரப்படி அனுப்பும் முனையில் 15.4 வாட், 100 மீட்டர் கேபிளைத் தாண்டி வந்த பிறகும் 12.95 வாட் கிடைக்கும். 2 வாட் கருவிக்கு இது தாராளம். பேட்டரி கவலையும் வைஃபை கவலையும் ஒன்றாகத் தீரும். வாசல்வரை கேபிள் இழுப்பதுதான் தடை. புதிதாக வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஒரு குழாயைப் போட்டுவைத்தால் பின்னால் எந்த வகைக்கும் மாறலாம்.

கரண்ட் போனால்

பேட்டரி மாடல் ஆள் வந்தால் வழக்கம்போல் விழித்தெழும், படமும் எடுக்கும். ஆனால் ரௌட்டர் அணைந்திருக்கும். படத்தை இணையத்தில் சேமிக்கும் கிளவுடுக்கு அனுப்ப வழியில்லை. கருவிக்குள்ளேயே சேமிக்கும் வசதி இல்லாத மாடலில் அந்த நேரத்துப் பதிவு கிடைக்காது. ஒயர் மாடலில் கேமராவே அணைந்திருக்கும். ஆகவே ரௌட்டருக்குச் சிறிய யுபிஎஸ் வைத்தால் பேட்டரி டோர்பெல்லுக்குப் பலன் உண்டு. ஒயர் டோர்பெல்லுக்கு டிரான்ஸ்பார்மரும் யுபிஎஸ்ஸில் சேர வேண்டும்.

எப்போதும் விழித்திருக்கும் கண்ணும் அடுத்த வீடும்

மின்சாரத் தட்டுப்பாடு இல்லாத கேமரா ஓயாமல் பதிவு செய்யும், ஓயாமல் கேட்கும். அதன் எதிரே அடுத்த வீட்டு வாசல் இருந்தால், அவர்கள் வருவதும் போவதும் பேசுவதும் சேர்ந்தே பதிவாகும். 2021 அக்டோபரில் பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு கவுண்டி நீதிமன்றம், ஒரு வீட்டுக்காரர் வைத்த டோர்பெல்லும் கேமராக்களும் அண்டை வீட்டாரின் தரவுப் பாதுகாப்பு உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. படத்தைவிட, தூரத்துப் பேச்சையும் பிடிக்கும் ஒலிப்பதிவுதான் அந்தத் தீர்ப்பில் கூடுதல் கவலையாகச் சொல்லப்பட்டது. பதிவுகள் யார் கையில் சேர்கின்றன என்பதும் சின்ன விஷயமில்லை: வாடிக்கையாளர்களின் வீடியோக்களை ஊழியர்கள் பார்க்க இடம் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், 2023-இல் ரிங் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் 58 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

பதிவாகும் எல்லையில் அடுத்த வீட்டை மறைக்கவும், ஒலிப்பதிவை நிறுத்தவும் பல ஆப்களில் வசதி இருக்கிறது. ஒயர் மாடல் மாட்டுபவர்கள் அதை முதல் நாளே செய்வது நல்லது.

மாட்டும் அன்றைக்கு

1. பெட்டியோடு வந்த ஸ்குரூவை மட்டும் பயன்படுத்துங்கள். 2020 நவம்பரில் அமெரிக்காவில் ரிங் இரண்டாம் தலைமுறை டோர்பெல்கள் சுமார் 3,50,000 திரும்ப அழைக்கப்பட்டன. தவறான ஸ்குரூவைப் போட்டால் அது உள்ளே இருக்கும் பேட்டரியைக் குத்தித் தீப்பிடிக்க வைக்கலாம் என்பதுதான் காரணம். அரை அங்குல நீளம் கூடினாலும் அது எங்கே போய் நிற்கிறது என்று வெளியில் தெரியாது.

2. ஒயர் மாடல் என்றால், ஆப்பின் அமைப்புகளில் வோல்ட் அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் இருட்டிய பிறகு, நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். பகல் அளவை நம்ப வேண்டாம்.

3. நடைபாதை நேராக இருந்தால், ஆள் குறுக்கே கடக்கும்படி கருவியை ஒரு பக்கம் சரிந்த, ஆப்பு வடிவச் சட்டம் வைத்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பேட்டரி மாடலில் இந்த ஒரு மாற்றம் முதுகுக்குப் பதில் முகத்தைத் தரக்கூடும்.

4. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். எரியக்கூடிய பொருட்களை விட்டுத் தள்ளி வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.